ஹெச்ஆரில் முதுநிலை படிக்கப் போகிறீர்களா? எதை, எப்படிப் படிப்பது

"எனக்கு ஆட்களோடு பழகுவது பிடிக்கும், அதனால் ஹெச்ஆர் எடுக்கலாம் என்றிருக்கிறேன்" என்று யாராவது சொன்னால், பிடிக்காத ஆட்களோடும் பழக முடியுமா என்றுதான் முதலில் கேட்பேன். ஹெச்ஆர் மேசைக்கு யாரும் நலம் விசாரிக்க வருவதில்லை. சம்பளத்தில் பிடித்தம் அதிகமாகிவிட்டது, மேலாளர் எல்லார் முன்னாலும் திட்டிவிட்டார், பதவி உயர்வு பக்கத்து சீட்டுக்காரருக்குப் போய்விட்டது, இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். அதைப் பொறுமையாகக் கேட்கிற குணம் இருந்தால் நல்லதுதான், ஆனால் அதை முதுநிலைப் படிப்பு கற்றுத்தராது, அதற்கு மதிப்பெண்ணும் கிடையாது. அங்கே கற்றுக்கொள்ள வேண்டியது வேறு. இருபது வருட அனுபவக்காரர் ஒருவர் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு "ஆளைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்" என்று சொல்லும்போது, எப்படித் தெரியும் என்று மரியாதை குறையாமல் கேட்கவும், அவர் சொல்கிற பதில் நிற்குமா நிற்காதா என்று சோதித்துப் பார்க்கவும் தெரிய வேண்டும். மொத்தப் படிப்பையும் நான் அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன், கீழே சொல்வதும் அதை ஒட்டித்தான்.

எந்தப் பட்டம்

ஒரே விஷயம் பல பெயர்களில் கிடைக்கும். எம்பிஏவில் ஹெச்ஆரைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம், மனிதவள மேலாண்மைக்கென்றே எம்எஸ்சி இருக்கிறது, தொழிலுறவை, அதாவது முதலாளி, தொழிலாளி, சங்கம் ஆகியோருக்கு இடையிலான உறவை, மையமாக வைத்த எம்ஏ இருக்கிறது, உளவியல் துறைக்குள் தொழில் மற்றும் நிறுவன உளவியல் என்று ஒன்று இருக்கிறது. எம்பிஏ என்றால் நிதி, சந்தைப்படுத்தல், உற்பத்தி எல்லாம் முதலில் வரும், ஹெச்ஆர் பாடங்கள் பிறகுதான். ஆழம் கொஞ்சம் குறையும், ஆனால் நிதித் துறைக்காரரிடம் அவர் மொழியிலேயே பேச வரும், இது சின்ன லாபமில்லை. எம்எஸ்சியில் முதல் நாளிலிருந்தே ஹெச்ஆர்தான், கடைசியில் ஆய்வேடும் பெரும்பாலும் உண்டு. தொழிலுறவு படித்தவர்கள் சட்டத்திலும் பேச்சுவார்த்தையிலும் கெட்டி. உளவியல் வழியாக வந்தவர்களுக்குத் தேர்வுகளை வடிவமைப்பது, மனிதர்களின் திறனை அளப்பது, புள்ளியியல், இதெல்லாம் கைவந்த கலை.

பட்டத்தின் பெயரை விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள். ஆய்வு முறைகளும் புள்ளியியலும் கட்டாயப் பாடமா, விருப்பப் பாடமா? தொழிலாளர் சட்டம் தனித்தாளாக இருக்கிறதா, இல்லை வேறொரு தாளின் கடைசி அலகில் ஒதுங்கிக் கிடக்கிறதா? சம்பள நிர்ணயத்துக்கு முழுப் பாடம் உண்டா? பட்டியல் முழுக்கத் தலைமைப்பண்பு, நிறுவனக் கலாச்சாரம், மாற்ற மேலாண்மை என்று இனிப்பாகவே இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். அதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் வேலைக்குப் போன முதல் வாரம் உங்களிடம் யாரும் கலாச்சாரத்தை மாற்றித் தரச் சொல்ல மாட்டார்கள். இந்த ஃபைலில் ஏன் கணக்கு இடிக்கிறது என்று பார்க்கச் சொல்வார்கள்.

வேலை அனுபவம் வேண்டுமா என்றால், கட்டாயமில்லை, இருந்தால் பாடம் சீக்கிரம் புரியும். அது ஹெச்ஆர் வேலையாகக்கூட இருக்க வேண்டாம். ஒரு மோசமான மேலாளரிடம் ஒரு வருடம் வேலை பார்த்தவருக்கு 'செயல்திறன் மதிப்பீடு' என்ற தலைப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வகுப்பு தொடங்கும் முன் மூன்று வேலை

முதலாவது எக்செல். பிவட் டேபிள் (தரவை வகைவாரியாகத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) போட, இரண்டு பட்டியலைப் பொருத்திப் பார்க்க, தேதிகளைக் கழித்து ஒருவர் எத்தனை மாதம் வேலையில் இருந்தார் என்று எடுக்க, இந்த மூன்றும் வந்தால் போதும், மிச்சம் தானாக வரும். இரண்டாவது அடிப்படைப் புள்ளியியல்: சராசரிக்கும் இடைநிலை அளவுக்கும் (மீடியன்) என்ன வித்தியாசம், திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) எதைச் சொல்கிறது, இரண்டு விஷயங்கள் சேர்ந்தே நகர்வதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று ஏன் சொல்லிவிட முடியாது. ஹெச்ஆர் எடுத்தால் கணக்கிலிருந்து தப்பிக்கலாம் என்று வருகிறவர்கள் நிறையப் பேர், முதல் பருவத்திலேயே மாட்டிக்கொள்கிறவர்களும் அவர்கள்தான். மூன்றாவது, நீங்கள் வேலை பார்க்கப் போகிற நாட்டின் முக்கியமான தொழிலாளர் சட்டங்களை மூல வடிவத்தில், நோட்ஸில் இல்லை, மூலத்தில், வரையறைப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். 'தொழிலாளி' என்ற சொல்லுக்குள் யார் வருகிறார், யார் வரவில்லை என்பதில்தான் பாதி வழக்குகள் நடக்கின்றன.

வரலாற்றைச் சந்தேகத்தோடு படியுங்கள்

எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் 1911இல் ஃபிரெடரிக் டெய்லரின் அறிவியல் மேலாண்மையில் தொடங்கி ஹாதார்ன் ஆய்வுகளுக்கு வருவார்கள். 1924 முதல் 1932 வரை சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் நடந்த ஆய்வுகள் அவை. விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினார்கள், உற்பத்தி கூடியது, குறைத்தார்கள், அப்போதும் கூடியது, ஆகவே தங்களைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்தாலே மனிதர்கள் நன்றாக வேலை செய்வார்கள் என்று கதை முடியும். நன்றாக இருக்கிறது, இல்லையா? தேர்விலும் இதையே எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம்.

முதுநிலையில் அதோடு நிற்கக் கூடாது. வெளிச்சச் சோதனையின் மூலத் தரவு தொலைந்துவிட்டதாகவே பல காலம் நினைத்திருந்தார்கள். பொருளாதார அறிஞர்கள் ஸ்டீவன் லெவிட்டும் ஜான் லிஸ்ட்டும் அதைத் தேடிக் கண்டுபிடித்து மறுபடி அலசி 2011இல் வெளியிட்டார்கள், பாடப்புத்தகம் சொல்கிற அந்தப் பிரமாதமான விளைவு தரவில் அப்படி இல்லை என்று தெரிந்தது. அதே ஆலையில் ரிலே பூட்டும் அறைச் சோதனை என்று இன்னொன்று நடந்தது. தொலைபேசிக் கருவிகளில் வரும் ரிலே என்ற சின்ன மின்பாகத்தின் உதிரிகளைச் சேர்த்துப் பூட்டும் வேலையை ஐந்து பெண்கள் செய்தார்கள். அதில் இரண்டு பேரை 1928 ஜனவரியில் மாற்றிவிட்டு வேறு இருவரை உட்கார வைத்தார்கள், அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைப்பதில்லை என்பது புகார். சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே ஆளை மாற்றிவிட்டு, உற்பத்தி உயர்ந்ததற்குக் கவனிப்புதான் காரணம் என்றால் எப்படி? ஓய்வு இடைவேளையும் மாறியது, கூலி கணக்கிடும் முறையும் மாறியது, ஆட்களும் மாறினார்கள். இதை ஒரு பக்கத்துக்கு எழுதிப் பாருங்கள், எந்த ஆய்வையும் எப்படிப் படிப்பது என்பதற்கு நல்ல பயிற்சி.

மற்ற மைல்கற்களை வேகமாகத் தாண்டிவிடலாம். 1984இல் ஆட்களை நிர்வகிப்பது பற்றி இரண்டு மாதிரிகள் வந்தன. மிச்சிகன் பக்கத்திலிருந்து வந்தது, ஆட்களும் ஒரு வளம், நிறுவனத்தின் உத்திக்கு ஏற்றபடி நிர்வகி என்றது. ஹார்வர்ட் பக்கத்திலிருந்து வந்தது, தொழிலாளி, சங்கம், அரசு, சமூகம் என்று எல்லாத் தரப்பின் நலனையும் கணக்கில் எடு என்றது. 'கடினம்', 'மென்மை' என்று இதைத்தான் வகுப்பில் பிரிப்பார்கள். 1991இல் மேலாண்மை அறிஞர் ஜே பார்னி, எளிதில் நகலெடுக்க முடியாத வளமே நிலைத்த போட்டி வலிமை தரும் என்று வாதிட்டார், ஹெச்ஆர்காரர்கள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்கள். 1997இல் டேவ் உல்ரிச் ஹெச்ஆரின் நான்கு பாத்திரங்களைச் சொன்னார், இன்று வேலை விளம்பரங்களில் பார்க்கிற 'பிசினஸ் பார்ட்னர்' என்ற பதவிப் பெயர் பரவியதில் அவருக்குப் பெரிய பங்குண்டு.

ஆய்வுக் கட்டுரையை எங்கிருந்து தொடங்குவது

முதல் மாதத்தில் கையில் ஒரு கட்டுரைக் கட்டைக் கொடுத்துவிடுவார்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்க முயன்றால் மூன்றாவது கட்டுரையிலேயே தூங்கிவிடுவீர்கள். நான் படிக்கிற வரிசை இது: சுருக்கம், அப்புறம் நேரே முறையியல், அப்புறம் அட்டவணைகள், அதன்பிறகு விவாதப் பகுதி. முன்னுரையும் கோட்பாடும் கடைசியில். யாரிடம் கேட்டார்கள், எத்தனை பேரிடம், எப்போது, பதில் சொல்லாதவர்கள் எத்தனை பேர், இந்த நான்கும் தெரியாமல் முடிவைப் படித்துப் பயனில்லை.

ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்வோம். மார்க் ஹியூசெலிட் 1995இல் வெளியிட்டது, இந்தத் துறையில் எல்லாரும் மேற்கோள் காட்டுவது. அமெரிக்காவில் 968 நிறுவனங்கள். கவனமான தேர்வு, பயிற்சி, செயல்திறன் சார்ந்த ஊதியம், இப்படிப்பட்ட நடைமுறைகள் ஒரு திட்ட விலக்கம் அளவுக்குக் கூடுதலாக இருந்த நிறுவனங்களில் ஆட்கள் வெளியேறுவது சுமார் 7 சதவீதம் குறைவு, ஒரு ஊழியருக்கான விற்பனை 27,044 டாலர் அதிகம். இந்த எண்ணை வைத்துக்கொண்டு ஹெச்ஆர் துறையே பல வருடம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தது. இப்போது நம் கேள்விகளுக்கு வாருங்கள். தபாலில் அனுப்பிய கேள்வித்தாளுக்குப் பதில் சொன்னவர்கள் 28 சதவீதம். மொத்த நிறுவனத்தின் நடைமுறையையும் தலைமையகத்தில் ஒரே ஒருவர் சொல்லியிருக்கிறார். முக்கியமாக, நல்ல ஹெச்ஆரால் லாபம் வந்ததா, இல்லை லாபம் வந்ததால் பயிற்சிக்கெல்லாம் செலவழிக்க முடிந்ததா? பேட்ரிக் ரைட்டும் கூட்டாளிகளும் 2005இல் இதைத்தான் சோதித்தார்கள். முந்தைய செயல்திறனைக் கணக்கில் எடுத்துக்கொண்டதும், ஹெச்ஆர் நடைமுறைக்கும் பிந்தைய செயல்திறனுக்கும் இருந்த தொடர்பு ஏறக்குறைய காணாமல் போனது.

இதனால் ஹியூசெலிட் தப்பு என்று ஆகாது, அவரே தன் கட்டுரையில் இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியிருக்கிறார். ஆனால் அசைன்மென்டில் "நல்ல ஹெச்ஆர் லாபத்தைக் கூட்டும் (ஹியூசெலிட், 1995)" என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போகிற மாணவருக்கும், மேலே உள்ள மூன்று வரியைச் சேர்த்து எழுதுகிற மாணவருக்கும் நடுவே ஒரு முழு கிரேடு வித்தியாசம் இருக்கும்.

படித்த ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு ஷீட்டில் ஒரு வரி போடுங்கள்: யார், எந்த வருடம், மாதிரி அளவு, எதை அளந்தார்கள், என்ன கிடைத்தது, எங்கே இடிக்கிறது. 'எங்கே இடிக்கிறது' என்ற கட்டம் காலியாக இருந்தால் கட்டுரையை நீங்கள் இன்னும் படிக்கவில்லை என்று அர்த்தம்.

ஆளெடுப்பு

எல்லாப் பாடத்துக்கும் சமமாக நேரம் ஒதுக்க வேண்டாம், இதற்குக் கூடுதலாக ஒதுக்குங்கள் என்பேன், ஏனென்றால் ஹெச்ஆரில் இவ்வளவு உறுதியான ஆதாரம் சேர்ந்திருக்கிற இடமும் இதுதான், அந்த ஆதாரத்தை நடைமுறையில் ஓரமாகத் தள்ளிவைக்கிற இடமும் இதுதான். ஷ்மிட், ஹன்டர் இருவரும் 1998இல் 85 வருட ஆய்வுகளைத் தொகுத்தார்கள். ஒரு தேர்வு முறை, ஆள் பின்னால் எப்படி வேலை செய்வார் என்பதை எவ்வளவு சரியாகக் கணிக்கிறது என்பதற்குப் பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை மதிப்பெண் போட்டால், பொது அறிவுத்திறன் தேர்வு 0.51, கட்டமைத்த நேர்காணல் (எல்லாருக்கும் ஒரே கேள்விகள், முன்பே எழுதிவைத்த மதிப்பெண் அளவுகோல்) 0.51, எத்தனை வருட அனுபவம் என்பது 0.18, கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்வது 0.02. அனுபவ வருடத்துக்கு இவ்வளவு குறைவா என்று வகுப்பில் யாராவது கட்டாயம் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

2022இல் பால் சாக்கெட்டும் கூட்டாளிகளும் அந்தக் கணக்கில் ஒரு பிரச்சினை இருப்பதைக் காட்டினார்கள். பழைய ஆய்வுகளில் செய்த ஒரு புள்ளியியல் திருத்தம் பல இடங்களில் எண்களை அளவுக்கு மீறி ஊதிவிட்டிருக்கிறது. மறுபடி போட்டதும் அறிவுத்திறன் தேர்வு 0.31க்கு இறங்கியது, கட்டமைத்த நேர்காணல் 0.42 என்று முதலிடத்துக்கு வந்தது. எண் இறங்கியதே என்று வருத்தப்பட வேண்டாம், பழைய எண்ணை மனப்பாடம் செய்தவர்கள்தான் வருத்தப்பட வேண்டும். இரண்டு கட்டுரையையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரு துறை தன்னைத் தானே எப்படித் திருத்திக்கொள்கிறது என்று கண்ணெதிரே தெரியும்.

படித்ததைச் செய்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு வேலையை எடுங்கள், வாடிக்கையாளர் புகார்களைக் கையாள்கிற வேலை என்று வைத்துக்கொள்வோம். அந்த வேலையில் தோற்பவர் எதனால் தோற்கிறார் என்று நான்கு காரணம் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி: "உங்கள் மேல் தப்பே இல்லாத ஒரு விஷயத்துக்காக ஒருவர் உங்களிடம் கத்திய சம்பவத்தைச் சொல்லுங்கள், நீங்கள் முதலில் என்ன சொன்னீர்கள்?" அடுத்து, கேள்வி கேட்கும் முன்பே, 1 மதிப்பெண் பதில் எப்படி இருக்கும், 3 எப்படி இருக்கும், 5 எப்படி இருக்கும் என்று எழுதிவிடுங்கள். பதிலுக்குப் பதில் கத்தினார், அல்லது சம்பவமே நினைவில்லை என்றால் 1. மன்னிப்புக் கேட்டு மேலாளரிடம் தள்ளிவிட்டார் என்றால் 3. முழுதாகக் கேட்டு, சிக்கலைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்து, எப்போதைக்குள் முடியும் என்று சொல்லி, பிறகு தானே போன் செய்தார் என்றால் 5. இரண்டு நண்பர்களை உட்கார வைத்து ஒரே ஆளுக்குத் தனித்தனியாக மதிப்பெண் போடச் சொல்லுங்கள். முதல் முறை இரண்டு பேரின் எண்ணும் ஒத்துப்போகாது. 1, 3, 5 விளக்கங்களைத் திருத்தித் திருத்தி அவை நெருங்கி வரும் வரை விடாதீர்கள். இந்த ஒரு மாலை வேலைக்கு ஒரு பருவத்து நோட்ஸ் ஈடாகாது.

இங்கேயே பாகுபாட்டுக் கணக்கையும் படித்துவிடலாம். அமெரிக்காவில் 1978இல் வந்த வழிகாட்டு நெறிகளில் 'ஐந்தில் நான்கு' என்று ஒரு விதி உண்டு: ஒரு பிரிவினர் தேர்வாகும் விகிதம், அதிகம் தேர்வாகும் பிரிவினரின் விகிதத்தில் ஐந்தில் நான்காவது, அதாவது 0.8 ஆவது, இருக்க வேண்டும். 100 ஆண்கள் விண்ணப்பித்து 50 பேர் தேர்வானால் 50 சதவீதம். 80 பெண்கள் விண்ணப்பித்து 24 பேர் என்றால் 30 சதவீதம். 30ஐ 50ஆல் வகுத்தால் 0.6, இது 0.8க்குக் கீழே, ஆக அந்தத் தேர்வு முறையைத் தோண்டிப் பார்க்க வேண்டும். கணினி தேர்ந்தெடுத்தால் பாரபட்சம் இருக்காது என்று நினைப்பவர்கள், அமேசான் உருவாக்கிப் பார்த்துக் கைவிட்ட ரெஸ்யூமே வடிகட்டியைப் பற்றி 2018இல் வந்த செய்தியைத் தேடிப் படியுங்கள். பழைய விண்ணப்பங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட அது, பெண்கள் என்ற சொல் வந்த ரெஸ்யூமேக்களைக் கீழே தள்ளியது.

நான் வாங்கிய அடி

முதல் வருடத்தில் ஒரு கற்பனை நிறுவனத்தின் ஊழியர் ஃபைலைக் கொடுத்து ஆட்கள் வெளியேறுவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சராசரி ஊழியர் எண்ணிக்கை 200, அந்த வருடம் போனவர்கள் 30 பேர், ஆக 15 சதவீதம், பயப்பட ஒன்றுமில்லை, எல்லாருக்கும் ஒரு ஊக்கத்தொகை கொடுத்தால் சரியாகிவிடும் என்று அழகான ஸ்லைடு போட்டுப் பேசிவிட்டு உட்கார்ந்தேன். ஆசிரியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எந்த முப்பது?"

எனக்குத் தெரியவில்லை. துறை என்ற நெடுவரிசை அந்த ஃபைலிலேயே இருந்தது, நான் அதைத் தொடவே இல்லை.

அன்று ராத்திரி பிரித்துப் பார்த்தேன். வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் 40 பேர், அதில் போனவர்கள் 22, அதாவது 55 சதவீதம். மிச்சமிருக்கிற 160 பேரில் போனவர்கள் 8 பேர், 5 சதவீதம். அந்த 22 பேரில் 17 பேர் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் போயிருந்தார்கள். இப்போது கதையே வேறு. எல்லாருக்கும் ஊக்கத்தொகை என்றால் ஐந்தில் நான்கு பங்குப் பணம், போகப்போவதில்லை என்று இருந்தவர்களுக்கே போய்ச் சேரும். சேர்ந்து மூன்று மாதத்தில் போகிறவர் சம்பளம் போதவில்லை என்று போவதை விட, நேர்காணலில் சொன்ன வேலையும் கிடைத்த வேலையும் வேறு வேறாக இருந்ததால் போயிருக்க அதிக வாய்ப்பு உண்டு. அதைச் சோதிக்க வேண்டும், வேலையின் கஷ்டமான பக்கத்தையும் முன்கூட்டியே காட்டிவிட்டு ஆளெடுத்துப் பார்க்க வேண்டும். வெளியேறும்போது நடத்துகிற நேர்காணலை மட்டும் நம்பாதீர்கள், போகிறவர் அனுபவச் சான்றிதழ் கைக்கு வரும் வரை "நல்ல வாய்ப்பு கிடைத்தது" என்றுதான் சொல்வார்.

அன்றிலிருந்து எந்த ஒற்றைச் சதவீதத்தைப் பார்த்தாலும் துறை, சேர்ந்த காலம், மேலாளர், வேலை நேரம் என்று நான்காகப் பிரிக்காமல் விடுவதில்லை. நீங்களும் அப்படியே பழகிக்கொள்ளுங்கள்.

சம்பளமும் மதிப்பீடும்

சம்பளப் பாடத்தில் இரண்டு நியாயங்கள் எப்போதும் முட்டிக்கொள்ளும்: உள்ளே பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டால் நியாயமா, வெளியே சந்தையோடு ஒப்பிட்டால் நியாயமா. புதிதாக வருகிறவருக்குச் சந்தை விலை கொடுத்ததும் ஐந்து வருடமாக இருப்பவர் அவரைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டிருப்பார், வருடா வருடம் இந்தச் சண்டைதான். ஊக்க ஊதியத்துக்கு ஸ்டீவன் கெர் 1975இல் எழுதிய சின்னக் கட்டுரையைப் படியுங்கள், ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டு வேறொன்றுக்குப் பரிசு கொடுக்கிற மடமையைப் பற்றியது. கூட்டு வேலை வேண்டும் என்று சுவரில் ஒட்டிவிட்டு, தனி ஆள் விற்பனைக்கு மட்டும் கமிஷன் கொடுக்கிற இடங்களைப் பார்த்திருப்பீர்கள், அதேதான்.

மதிப்பீடு பற்றி ஒன்றே ஒன்று. கருத்துச் சொன்னால் ஆள் முன்னேறுவார் என்று எல்லாரும் நம்புகிறோம். குளூகர், டெனிசி இருவரும் 1996இல் தொகுத்துப் பார்த்தபோது சராசரியில் முன்னேற்றம் இருந்தது, ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட சந்தர்ப்பங்களில் கருத்துச் சொன்ன பிறகு செயல்திறன் இறங்கியிருந்தது. கவனம் வேலையிலிருந்து விலகி 'என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்' என்பதற்குத் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் விளக்கம்.

சட்டத்தையும் சங்கத்தையும் தள்ளிவைக்காதீர்கள்

தேர்வுக்கு முந்தைய இரவு படித்துக்கொள்ளலாம் என்று மாணவர்கள் ஒதுக்குகிற பாடம் இது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் அடித்தளம் பொது. 1919இல் தொடங்கிய சர்வதேச தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கைகளில் 1948இன் 87ஆம் எண் சங்கம் சேரும் உரிமை பற்றியது, 1949இன் 98ஆம் எண் கூட்டுப் பேரம், அதாவது தொழிலாளர் சார்பில் சங்கம் முதலாளியோடு பேசி முடிவெடுப்பது, பற்றியது. 1998இல் அடிப்படைக் கொள்கைகள் என்று நான்கை அறிவித்தார்கள், 2022இல் பாதுகாப்பான, ஆரோக்கியமான பணிச்சூழல் ஐந்தாவதாகச் சேர்ந்தது. உங்கள் நாடு எந்த உடன்படிக்கையை ஏற்றிருக்கிறது, எதை ஏற்கவில்லை, ஏன் ஏற்கவில்லை என்று பாருங்கள், அந்த 'ஏன்' சுவாரசியமாக இருக்கும்.

அப்புறம் தீர்ப்புகள். பணிநீக்க வழக்குத் தீர்ப்பு ஒன்றை வாரத்துக்கு ஒன்றாக முழுதாகப் படியுங்கள். முதலாளி தரப்பு தோற்ற வழக்குகளை எடுத்தால், காரணம் தப்பு என்பதைவிட நடைமுறை தப்பு என்பதே அடிக்கடி கண்ணில் படும்: நோட்டீஸ் கொடுக்கவில்லை, விளக்கம் கேட்கவில்லை, புகார் சொன்னவரே விசாரணை அதிகாரியாக உட்கார்ந்தார். முடிந்தால் உண்மையான கூட்டு ஒப்பந்தம் ஒன்றைத் தேடிப்பிடித்துப் படியுங்கள், மிகைநேர வேலை பற்றிய ஒரு சின்ன உட்பிரிவுக்குள் எத்தனை மாதப் பேச்சுவார்த்தை ஒளிந்திருக்கிறது என்று தெரியும்.

கேஸ் ஸ்டடி, குழு வேலை

கேஸ் ஸ்டடியில் மாணவர்கள் செய்கிற தப்பு ஒன்றுதான், படித்தவுடன் தீர்வுக்குத் தாவுவது. "பயிற்சி கொடுக்க வேண்டும்" என்று எழுதத் தோன்றினால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அந்த ஊழியருக்கு அந்த வேலை செய்யத் தெரியவில்லையா, தெரிந்தும் செய்யவில்லையா, செய்ய விடவில்லையா என்று கேளுங்கள். முதலாவதற்கு மட்டும்தான் பயிற்சி மருந்து. குழு வேலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஹெச்ஆர் படிக்கிற ஐந்து பேர் சேர்ந்தாலும் ஒருவர் வேலை செய்ய மாட்டார், முதல் நாளே யார் எதை எந்தத் தேதிக்குள் என்று எழுதி எல்லாரும் பார்க்கும்படி வைத்துவிடுங்கள்.

ஆய்வேடு

இதில் தலைப்பைவிட முக்கியம் தரவுக்கான அனுமதி. எந்த நிறுவனமும் தன் ஊழியர்களை உங்களிடம் உடனே பேசவிடாது, நல்ல கேள்வியோடு வந்து அனுமதி கிடைக்காமல் கடைசி மாதத்தில் நண்பர்களுக்குக் கூகுள் ஃபார்ம் அனுப்பியவர்கள் ஏராளம். முதல் பருவம் முடிவதற்குள் மூன்று இடத்தில் கேட்டுவையுங்கள். கேட்கும்போது ஒரு பக்கக் கடிதம் போதும்: என்ன தெரிந்துகொள்ளப் போகிறேன், எத்தனை பேரிடம் எத்தனை நிமிடம், பெயர்கள் எப்படி மறைக்கப்படும், முடிவில் உங்களுக்கு என்ன தருவேன். கடைசி வரிதான் கதவைத் திறக்கும்.

'பணித் திருப்தி செயல்திறனில் ஏற்படுத்தும் தாக்கம்' என்று தயவுசெய்து எடுக்காதீர்கள். ஒரே ஆளிடம், ஒரே தாளில், ஒரே நாளில் திருப்தியையும் கேட்டு, நீங்கள் நன்றாக வேலை செய்கிறீர்களா என்றும் கேட்டால், நல்ல மனநிலையில் இருப்பவர் இரண்டிலும் நல்லதாகவே குறிப்பார், வருகிற தொடர்பு பெரும்பாலும் அந்த மனநிலையின் தொடர்பு. குறைந்தது செயல்திறனையாவது வேறிடத்திலிருந்து, பதிவேட்டிலிருந்தோ மேலாளரிடமிருந்தோ எடுங்கள். அல்லது சின்னதாகச் சுருக்குங்கள்: இரவுப் பணிக்கு மாறிய ஒரே பிரிவில், மாறிய முதல் மூன்று மாதத்தில் விடுப்பு எடுப்பது எப்படி மாறியது? இது சாதாரணமாகத் தெரிந்தாலும் பதில் கிடைக்கிற கேள்வி.

நேர்காணல் வழியில் செய்தால் எத்தனை பேர் என்ற கேள்வி வரும். கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் 2006இல் 60 நேர்காணல்களை ஆராய்ந்து, முதல் 12க்குள்ளேயே புதுக் கருத்துகள் வருவது ஏறக்குறைய நின்றுவிட்டதைக் காட்டினார்கள். ஆனால் அவர்கள் பேசியது ஓரளவு ஒரே மாதிரிப் பின்னணி கொண்டவர்களிடம். தொழிலாளி, மேலாளர், சங்க நிர்வாகி என்று மூன்று தரப்பை எடுத்துக்கொண்டு மொத்தம் 12 என்றால் போதாது.

பெயரை மறைப்பதில் கவனம். ஆறு பேர் உள்ள பிரிவில் "ஒரே பெண் மேற்பார்வையாளர் இப்படிச் சொன்னார்" என்று எழுதினால் பெயர் போடாமலே பெயர் போட்டதுதான். அந்த அம்மா அடுத்த நாளும் அதே மேலாளரிடம்தான் வேலைக்குப் போக வேண்டும்.

இன்டர்ன்ஷிப்பும் சான்றிதழும்

இன்டர்ன்ஷிப்பில் ரெஸ்யூமே அடுக்குகிற வேலைதான் முதலில் கொடுப்பார்கள், செய்யுங்கள், ஆனால் கூடவே ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: ஒரு மாதச் சம்பளப் பட்டியலைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பக்கத்தில் இருந்து பார்க்க. வருகைப்பதிவு, விடுப்பு, பிடித்தம், மிகைநேரம், வரி, எல்லாம் எங்கே சேர்கிறது, எங்கே பிழை வருகிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டால், ஊழியர் ஒருவர் சம்பளச் சீட்டை நீட்டி 'இது என்ன' என்று கேட்கும்போது உங்களுக்கு வியர்க்காது.

சான்றிதழ்களைப் பொறுத்தவரை அவசரம் வேண்டாம். அமெரிக்க வழியில் எஸ்ஹெச்ஆர்எம், பிரிட்டன் வழியில் சிஐபிடி என்ற ஹெச்ஆர் தொழில்முறை அமைப்புகள் தருபவை பெயர் பெற்றவை. சிஐபிடியின் ஏழாம் நிலை முதுநிலைப் படிப்புக்கு இணையானது, சில பல்கலைக்கழகங்களின் பட்டத்தோடே அது சேர்ந்து வரும், அப்படியிருந்தால் தனியாகப் பணம் கட்டுமுன் ஒரு முறை விசாரித்துவிடுங்கள்.

கடைசியாக வேலை நேர்காணல். "ஏன் ஹெச்ஆர்?" என்று கட்டாயம் கேட்பார்கள், ஆட்களோடு பழகப் பிடிக்கும் என்பதைத்தான் உங்களுக்கு முன்னால் வந்தவரும் சொல்லியிருப்பார். அந்த 1, 3, 5 மதிப்பெண் தாள் ஒன்று, ஒரு சதவீதத்தை நான்காகப் பிரித்த ஒரு பக்கம் ஒன்று, இரண்டையும் ஃபைலில் வைத்துக்கொண்டு போங்கள். எதிரே இருப்பவர் அதைக் கையில் வாங்கி "இந்த இடத்தில் ஏன் இப்படிப் பிரித்தீர்கள்?" என்று கேட்டால், கேள்வி உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது, நிதானமாகப் பதில் சொல்லுங்கள்.